மூளை மணலும் பகல் தூக்கமும்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் எனக்கு வயது 52. பாதுகாவல் அதிகாரியாக இரவு வேலை பார்க்கிறேன். படியில் தவறி விழுந்தபோது எடுத்த சிடி ஸ்கேன் அறிக்கையில், ‘பினியல் சுரப்பியில் சுண்ணாம்புப் படிவு’ என்று எழுதியிருக்கிறார்கள். பகலில் எனக்குத் தூக்கம் பிடிக்காததற்கு இதுதான் காரணமா?

பதில்: அந்த வரிக்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. மூளையின் நடுவே இருக்கும், 150 மில்லிகிராம் எடைகூடப் பெரும்பாலும் தேறாத இந்தச் சுரப்பியில் கால்சியம் படிந்து ‘மூளை மணல்’ உண்டாவது பெரியவர்களிடம் சர்வசாதாரணம். ஸ்கேன் வருவதற்கு முந்தைய காலத்தில், மண்டையோட்டு எக்ஸ்ரேயில் இந்த வெண்புள்ளி நடுக்கோட்டைவிட்டு விலகியிருக்கிறதா என்று பார்த்துத்தான், மூளையை ஏதேனும் கட்டி ஒரு பக்கமாகத் தள்ளுகிறதா என்று மருத்துவர்கள் கணித்தார்கள். படிவு 1 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, சிறு குழந்தையிடம் தென்பட்டாலோதான் மேலும் ஆராய்வது வழக்கம்.

ஸ்கேனில் வெறும் புள்ளியாகத் தெரியும் இச்சுரப்பி, உண்மையில் இடத்துக்கு இடமும் பொழுதுக்குப் பொழுதும் மாறும் உறுப்பு. எலியில் அதன் பெரும்பகுதி மண்டையோட்டை ஒட்டியும் சிறுபகுதி மூளையின் ஆழத்திலும் இருக்க, மெல்லிய காம்பொன்று இரண்டையும் இணைக்கிறது. மேற்பகுதியிலேயே ஓரத்துச் செல்களின் உட்கருவும் நடுவிலுள்ளவற்றின் உட்கருவும் அளவில் வேறுபடுகின்றன. இரவானதும் செல்களுக்குள் ‘சினாப்டிக் ரிப்பன்’ எனப்படும் நுண்ணிய நாடாக்கள் பெருகி, பகலில் குறைகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மட்டுமே புலப்படும் இந்த மாற்றம் எந்த சிடி ஸ்கேனிலும் தெரியாது. இதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு: எலி இரவில் விழித்துத் திரியும் பிராணி, ஆயினும் இச்சுரப்பி சுரக்கும், ‘இரவு வந்துவிட்டது’ என்று உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் அதற்கும் இரவில்தான் சுரக்கிறது. ஆக, நாம் தூங்குகிறோமா என்பதைப் பொறுத்து இச்சுரப்பி இயங்குவதில்லை. இருட்டிவிட்டதா என்பதைப் பொறுத்தே இயங்குகிறது.

விழித்திரையில் படும் ஒளியின் செய்தி மூளையின் உயிர்க்கடிகாரத்தை எட்டி, அங்கிருந்து முதுகுத்தண்டு வழியாக இறங்கி, கழுத்து நரம்பு முடிச்சில் ஏறித் திரும்பிச் சுரப்பியை அடைகிறது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டியே விடிவதால், 8 மணிக்குப் பணி முடித்துப் பேருந்து நிறுத்தத்திலிருந்து புளோக்குக்கு நடக்கும் அந்தச் சில நிமிடங்களில், ‘பகல் வந்துவிட்டது’ என்ற செய்தி அந்த வழியாகவே உள்ளே போய்விடுகிறது. உங்கள் சிக்கலுக்குப் படிவைவிட இந்த வெயிலையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஆகவே பணியின் முற்பாதியில் நல்ல வெளிச்சத்தில் இருங்கள். கடைசி இரண்டு மணி நேரத்தில் கைப்பேசித் திரையைக் கூடுமானவரை தவிருங்கள். நீங்களே வாகனம் ஓட்டாத நாள்களில் கறுப்புக் கண்ணாடி அணிந்து வீடு திரும்புங்கள். படுக்கையறைச் சன்னல் பொது நடைபாதையைப் பார்த்திருந்தால், ஒளி புகாத கனத்த திரை அவசியம். மெலடோனின் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் வாங்கிப் போட வேண்டாம். நேரம் தவறினால் அது உயிர்க்கடிகாரத்தை எதிர்த்திசையில் நகர்த்திவிடும். பலத்த குறட்டையும் இருந்தால் பலதுறை மருந்தகத்தில் அதையும் சொல்லுங்கள். செல்லும்போது, எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று இரண்டு வாரம் குறித்த தாளைக் கொண்டுபோங்கள். மருத்துவருக்கு ஸ்கேன் அறிக்கையைவிட அது அதிகம் உதவும்.