டுரியான் தோட்டத்தில் சம்பாவ் புல்: பூஞ்சாணக் களைக்கொல்லி கைகொடுக்குமா?

கேள்வி: பினாங்கு பாலேக் புலாவில் சரிவு நிலத்தில் டுரியான் போட்டிருக்கிறேன். மரத்தடியில் சம்பாவ் புல் மண்டிவிட்டது, கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தும் சாகவில்லை. பூஞ்சாணத்திலிருந்து எடுக்கும் மருந்து மண்ணைக் கெடுக்காதாமே? நோய் பிடித்த புல்லை ஊறவைத்து நானே தயாரித்து அடிக்கலாமா?

பதில்: தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள் ஐயா. ஊறவைத்த தண்ணீரில் என்னென்ன நோய்க்கிருமி பெருகியிருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1981-இல் ஆரஞ்சுத் தோட்டக் கொடிக்களையை அழிக்கப் பதிவான டிவைன் என்ற மருந்தில் இருந்தது ஃபைட்டோஃப்தோரா பால்மிவோரா என்ற நோய்க்கிருமி. டுரியான் பட்டையில் ஈரமாய்க் கருத்த திட்டு விழுந்து செம்பழுப்பு நீர் கசிகிறதே, அந்தத் தண்டழுகலுக்கும் காரணம் இதே இனம்தான். ஓரிடத்து மருந்து உங்கள் தோட்டத்தில் நோய்.

நீங்கள் கேள்விப்பட்டது இரண்டு வகை. ஒன்று, பூஞ்சாணத்தின் உயிருள்ள வித்துகளை, அதாவது அது பரவ உதவும் நுண்துகள்களைத் தெளிப்பது. இலை பல மணி நேரம் ஈரமாக இருந்தால்தான் வித்து முளைத்து உள்ளே நுழையும். வெயில் ஏறினால் தெளித்தது வீண், பூஞ்சாணக்கொல்லி பட்டாலும் வீண். பெரும்பாலும் ஓரிரு களையைத்தான் தாக்கும். மற்றது, பூஞ்சாணம் சுரக்கும் வேதிப்பொருள். ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் என்ற பூஞ்சாணம் தரும் ஆஸ்ப்டெரிக் அமிலம் களைக்கொல்லியாக வேலை செய்யும் விதத்தை 2018-இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் விளக்கினார்கள். லூசின், ஐசோலூசின், வாலின் ஆகிய அமினோ அமிலங்களைச் செடி தானே செய்துகொள்ள உதவும் ஒரு நொதியை அது முடக்குகிறது. நாம் அவற்றைச் சாப்பாட்டிலிருந்து பெறுவதால் அந்த நொதி நம் உடம்பில் இல்லை. நம்பிக்கை தரும் வழிதான். ஆனால் இதை நம்பி இந்தப் பருவத்தைக் காத்திருக்க வேண்டாம். யாராவது 'பூஞ்சாண மருந்து' என்று போத்தலை நீட்டினால் முதலில் லேபிளில் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண்ணைத் தேடுங்கள். எண் இல்லாததை விற்பது மலேசியாவின் 1974 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி குற்றம்.

கிளைபோசேட்டுக்கு அசராத சம்பாவ் தெலுக் இந்தான் பக்கம் 1990களிலேயே கண்டறியப்பட்டது. அளவைக் கூட்டி அடித்தால் தாங்கும் செடிகள்தான் மிஞ்சி விதை போடும். குளூஃபோசினேட் என்ற வேறொரு களைக்கொல்லியையும் தாங்கும் சம்பாவ் மலேசியாவில் உண்டு. பாராகுவாட் களைக்கொல்லிக்கோ 2020 முதல் தடை.

ஆகவே கைவேலைதான். விரல் விரித்த மாதிரி கதிர் வருவதற்கு முன்பே, மழைக்கு மறுநாள், தட்டையாக வெளுத்த அடித்தண்டைப் பிடித்து வேரோடு பிடுங்குங்கள். மெஷினால் வெட்டினால் குருத்து தரையோடு தங்கி மறுபடி தழைக்கும். சங்குல் (மண்வெட்டி) போட்டால் 2 அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது, டுரியானின் ஊட்டும் வேர்கள் மேலாகவே ஓடுகின்றன. பிடுங்கிய இடத்தில் விதை போடாத காய்ந்த புல்லை 3-4 அங்குலம் பரப்புங்கள். வெளிச்சம் கிடைக்காத சம்பாவ் விதை சரியாக முளைக்காது. அடிமரத்திலிருந்து 2 அடி விட்டுத்தான் பரப்ப வேண்டும், ஒட்டிக் குவித்தால் பட்டை ஈரமாகவே இருந்து அழுகல் பிடிக்கும். வரிசைக்கு நடுவே மண்ணை வெறுமையாக விடாதீர்கள், சரிவில் ஒரு கனமழையே மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும். அங்கே கொடி வேர்க்கடலைத் தண்டுகளை ஓரடி இடைவெளியில் ஊன்றி, தரையை மூடும்வரை இடையில் வரும் களையைக் கையால் எடுத்துவாருங்கள்.