இலவச இயங்குதளத்தை நம்பி இறங்கலாமா?

கேள்வி: பாயான் லெப்பாஸில் சிறிய நிறுவனம் நடத்துகிறோம். குளிர்பதனக் கிடங்குகளுக்கு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி செய்கிறோம். பழைய மாடலில் இருப்பது மைக்ரோசாஃப்டின் இயங்குதளமான விண்டோஸ் சிஇ. புதியதற்குக் கட்டண இயங்குதளமான விஎக்ஸ்வொர்க்ஸ் வாங்குங்கள் என்கிறார் விற்பனையாளர். எங்கள் பொறியாளரோ இலவசமான ஃப்ரீஆர்டிஓஎஸ் போதும் என்கிறார். சும்மா கிடைப்பதை நம்பலாமா?
– வாசகர், பினாங்கு

பதில்: உங்கள் பொறியாளர் பக்கம்தான் நான். ஆனால், சும்மா கொடுப்பவர் எதில் காசு பார்க்கிறார் என்று முதலில் பாருங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ் 2017 முதல் அமேசான் கையில் இருக்கிறது; அவர்களுக்கு வியாபாரம் கிளவுட். ஸெஃபிர் என்ற இன்னொரு இலவச இயங்குதளத்தை வளர்ப்பவர்களில் பலர் சிப் விற்பவர்கள். இயங்குதளம் அவர்களுக்குத் தூண்டில்.

காசு கொடுத்து வாங்கினால் முதலாளி மாறமாட்டார் என்று நினைக்காதீர்கள். விஎக்ஸ்வொர்க்ஸைத் தயாரிக்கும் விண்ட் ரிவர் நிறுவனத்தை 2009இல் இன்டெல் வாங்கியது, 2018இல் டிபிஜி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது, 2022இல் அது கார் பாகங்கள் செய்யும் ஆப்டிவ் கைக்குப் போனது. கியூஎன்எக்ஸ் என்ற இன்னொரு கட்டண இயங்குதளமும் ஹார்மன், பிளாக்பெரி என்று கைமாறியதுதான்.

ஆகவே நிறுவனத்தின் பெயரைவிட உரிமம் முக்கியம். த்ரெட்எக்ஸ் என்ற இயங்குதளத்தை 2019இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி, அஸூர் ஆர்டிஓஎஸ் என்று பெயர் மாற்றி, 2023இல் திறமூல மென்பொருள்களைப் பராமரிக்கும் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டது. இன்று அது, எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றிக்கொள்ளலாம் என்கிற எம்ஐடி உரிமத்தில் யாருக்கும் கிடைக்கிறது. விண்டோஸ் சிஇக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடைசிப் பதிப்பின் ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்தது. அந்தச் சிரமம் உங்களுக்கே தெரியும்.

ஃப்ரீஆர்டிஓஎஸும் எம்ஐடி உரிமம்தான். அதன் அடிப்படைப் பகுதியான கெர்னலின் மையம் டாஸ்க்ஸ், க்யூ, லிஸ்ட் என்ற மூன்றே சி மொழிக் கோப்புகள். நாளைக்கு அமேசான் கைவிட்டாலும் உங்கள் பொறியாளர் உட்கார்ந்து படித்துப் பராமரிக்கலாம். உங்கள் சொந்த நிரலை வெளியிட வேண்டிய கட்டாயமும் இல்லை. கருவியின் திரையை வடிவமைக்க எல்விஜிஎல் என்ற நிரல்தொகுப்பு இருக்கிறது, அதுவும் எம்ஐடி. புளூடூத், பலவகை போர்டுகள் என்று விரியப்போகிறீர்கள் என்றால் ஸெஃபிர் பாருங்கள். போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று அதற்குச் சொல்லும் டிவைஸ்ட்ரீ கோப்புகள் பழகும்வரை கொஞ்சம் தலைவலிதான்.

விமானம், கார் பிரேக் மாதிரி பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயமான இடத்தில் காசு கொடுப்பதில் அர்த்தம் உண்டு. சான்றுக்கான ஆவணங்களும் சேர்ந்து வரும். குளிர்பதனக் கிடங்குக்கு அவ்வளவு தேவைப்படாது. வாடிக்கையாளர் கேட்டால் ஃப்ரீஆர்டிஓஎஸ் வழிவந்த சேஃப்ஆர்டிஓஎஸ் இருக்கிறது. அது கட்டணப் பதிப்பு.

பொறியாளரிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்: இயங்குதளத்தின் கட்டளைகளை நிரல் முழுக்கத் தூவக்கூடாது, எல்லாம் ஒரே கோப்பு வழியாகப் போகட்டும். கிளவுட்டுக்குத் தகவல் அனுப்ப எம்க்யூடிடி என்ற சாதாரண, பொதுவான தகவல் அனுப்பும் முறை போதும். அப்போது சர்வரையும் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், அந்த விற்பனையாளரிடம் இரண்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு கருவிக்கும் ராயல்டி உண்டா, இந்தப் பதிப்புக்கு எத்தனை வருட ஆதரவு.