விளம்பர வரியும் சிரிப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

விளம்பர எழுத்தைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஆறை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பெரும்பாலான கடிதங்கள் கேட்பது ஒன்றைத்தான்: படிப்பவரைச் சிரிக்கவும் வைக்க வேண்டும், கடைக்கும் வரவைக்க வேண்டும்.

ஆம்பூரில் பிரியாணிக் கடை நடத்துகிறேன். 'தரமான, சுவையான, சுகாதாரமான ஆம்பூர் பிரியாணி. ஒருமுறை ருசித்தால் மறுமுறை வருவீர்கள்' என்று நோட்டீஸ் அடித்துக் கொடுக்கிறோம். வாங்குபவர்கள் பத்தடி தள்ளிக் கீழே போட்டுவிடுகிறார்கள். சிரிப்பு வருகிற மாதிரி எப்படி மாற்றுவது?

உங்கள் கடைப் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்துக் கடைப் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்காது. நோட்டீஸ் கீழே விழுவது அதனால்தான், சிரிப்பு இல்லாததால் அல்ல. இதே வாசகத்தின் தலையில் ஒரு ஜோக்கை ஒட்டினால், ஜோக்கைப் படித்துவிட்டுக் கீழே போடுவார்கள்.

எழுத உட்காரும் முன் ஒரு நாள் முழுக்கக் கடையைக் கவனியுங்கள். கண்ணில் படுவதையெல்லாம் மணியோடும் எண்ணோடும் குறியுங்கள். சீரகச் சம்பா அரிசி, மிளகாய்த் தூளுக்குப் பதில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, விறகு அடுப்பு, எத்தனை மணிக்குத் தம் உடைக்கிறீர்கள், எத்தனை மணிக்கு அண்டா காலி, ஒரு பிளேட்டில் எத்தனை துண்டு கறி, தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய் எப்போது தீர்கிறது. இருபது குறிப்பாவது தேற வேண்டும். பிறகு, ஆம்பூரில் எந்தக் கடையும் சொல்லக்கூடியதை எல்லாம் அடித்துவிடுங்கள். சீரகச் சம்பா போய்விடும், மிளகாய் விழுதும் போய்விடும். சென்னையில் கடை வைத்திருந்தால் அவை நின்றிருக்கும். கடைசியில் மிஞ்சும் மூன்று நான்கு குறிப்புகளில்தான் உங்கள் விளம்பரம் இருக்கிறது.

மதியம் 2 மணிக்கு அண்டா காலியாகிறது என்பது மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். முதல் வரைவு எல்லோருக்கும் இப்படித்தான் வரும்: 'எங்கள் பிரியாணி 2 மணிக்கே தீர்ந்துவிடுவதால் சீக்கிரம் வரவும்.' செய்தி இருக்கிறது, உயிர் இல்லை. அடுத்தது: '2 மணிக்கு மேல் வந்தால் கத்திரிக்காய்தான்.' சிரிப்பு வருகிறது. ஆனால் அது தாமதமாக வந்தவரைக் கேலி செய்யும் சிரிப்பு. சாப்பிட வருபவரை வாசலிலேயே விரட்டக் கூடாது. மூன்றாவது:

'கடை இரவு 10 மணி வரை. பிரியாணி மதியம் 2 மணி வரை.'

இது நிற்கும். இரண்டு வாக்கியமும் ஒரே அச்சில் வார்த்தவை. முதலாவதைப் படிக்கும்போது சாதாரண அறிவிப்பு என்றே தோன்றும், இரண்டாவதில் திருப்பம் விழும். வினைச்சொல்லே இல்லை. தமிழில் வினை கடைசியில் வருவதால், திருப்பத்துக்குப் பிறகு 'கிடைக்கும்', 'இருக்கிறது' என்று ஏதாவது வால் நீளும், சிரிப்பு அதில் தேய்ந்துவிடும். வாலை வெட்டுங்கள். 'ஆகவே விரைந்து வாரீர்' என்று விளக்கமும் சேர்க்காதீர்கள்.

கீழே நேரான தகவல் மட்டும் போதும்: பிளேட் விலை, எத்தனை துண்டு, கடைக்கு அடையாளம், கைபேசி எண். ஒரு நோட்டீஸில் ஓர் இடத்தில்தான் சிரிப்பு. அச்சுக்குக் கொடுக்கும் முன் கடைக்குச் சம்பந்தமில்லாத ஐந்து பேரிடம் காட்டி வாங்கி வைத்துவிட்டு, ஒரு நிமிடம் வேறு ஏதாவது பேசுங்கள். பிறகு 'என்ன விளம்பரம் அது?' என்று கேளுங்கள். ஜோக்கைச் சொல்லிக் கடையைச் சொல்லாதவர் இரண்டு பேர் இருந்தாலும் திருப்பி எழுதுங்கள். இன்னொன்று, 4 மணிக்கும் உங்கள் அண்டாவில் பிரியாணி இருக்குமானால் இந்த வரியை எடுத்துவிடுங்கள். உண்மை இல்லாவிட்டால் இது வெறும் பொய்.

குடியாத்தத்தில் லுங்கிக் கடை. ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்ய, கணவன் மனைவி பேசுவதுபோல் எழுதி வைத்திருக்கிறோம். 'என்னங்க, இந்த லுங்கி எப்ப வாங்கினது?' 'பையன் பிறந்தப்ப.' 'அவனுக்குப் பொண்ணு பார்க்கிறோம்!' இது சரியாக வருமா?

உரையாடல் அருமை. ஆட்டோவுக்கு ஒத்துவராது.

கணக்கைப் பாருங்கள். ஆட்டோ மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு நான்கு மீட்டர் நகரும். முன்பக்கம் 40 மீட்டர், பின்பக்கம் 40 மீட்டர் வரை தெளிவாகக் கேட்கும் என்று வைத்தால், வாசலில் நிற்பவருக்கு உங்கள் குரல் 20 நொடிதான். அதுவும் எந்த இடத்திலிருந்து காதில் விழும் என்று சொல்ல முடியாது. பாதியில் கேட்பவருக்கு 'பொண்ணு பார்க்கிறோம்' மட்டும் விழுந்தால் கல்யாண மாலை விளம்பரம் என்று நினைப்பார். முன்வரி கேட்டால்தான் பின்வரி புரியும் நகைச்சுவை எதுவும் ஓடும் வண்டிக்கு ஆகாது. புனல் ஒலிபெருக்கியில் இரண்டு குரலும் பின்னணி இசையும் ஒன்றாகக் கலங்கிவிடும் என்பதும் உண்டு.

ஆட்டோவுக்கு ஒற்றைக் குரல், இசை இல்லாமல், ஒவ்வொரு வாக்கியமும் தனியே நிற்கும்படி:

'குடியாத்தம் லுங்கி! பழைய லுங்கி கிழியட்டும்னு காத்திருக்கீங்களா? எங்க கடையில வாங்கினதுன்னா ரொம்ப நாள் ஆகும். குடியாத்தம் லுங்கி!' அடுத்து கடைப் பெயர், தெரு.

பத்துப் பன்னிரண்டு நொடியில் முடியும். நிற்பவருக்கு ஒருமுறை முழுதாகவும் ஒருமுறை பாதியாகவும் கேட்கும். பொருளின் பெயர் தலையிலும் வாலிலும் வருவது அதற்காகத்தான்.

உங்கள் கணவன் மனைவியை எஃப்.எம்.முக்கு வைத்துக்கொள்ளுங்கள். 30 நொடிக்கு 45 முதல் 50 சொல் வரை எழுதலாம், அதற்கு மேல் போனால் அறிவிப்பாளர் மூச்சு வாங்குவார். 'பொண்ணு பார்க்கிறோம்' வந்ததும் ஒரு நொடி மௌனம் விட்டுவிட்டுக் கடைப் பெயரைச் சொல்லுங்கள். சிரிக்க இடம் விடாவிட்டால் கடைப் பெயர் சிரிப்பில் அமுங்கிப் போகும். மகனுக்குப் பெண் பார்க்கும்வரை லுங்கி உழைக்கும் என்பதை யாரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வேண்டுமென்றே செய்த மிகை என்று தெரியும். 'ஐந்து வருடம் கிழியாது' என்று எண் போட்டால் அது வாக்குறுதி. அதைக் காப்பாற்ற வேண்டும்.

ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி எழுத்தில் வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அங்கே மைக்கை அணைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

வேலூரில் பெரிய மருத்துவமனைக்கு அருகே லாட்ஜ் நடத்துகிறோம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வங்காளம், பீகார், வடகிழக்கிலிருந்து வரும் நோயாளிகளும் உடன் வருபவர்களும். பலகையில் நகைச்சுவை சேர்க்கலாமா?

வேண்டாம். இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து, கையில் ஸ்கேன் உறையோடு இறங்குபவருக்குத் தேவையானது தகவல். 'மருத்துவமனை வாசலுக்கு நடந்து 8 நிமிடம். லிஃப்ட் உண்டு. சமைக்க அடுப்பும் பாத்திரமும் தருகிறோம். ஒரு நாள் வாடகை இவ்வளவு.' இவ்வளவே போதும். அந்த 8 நிமிடத்தை உங்கள் நடையில் அளக்காதீர்கள், வயதானவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மெதுவாக நடந்து அளந்து எழுதுங்கள். கடைப்பெயர் தமிழில் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தகவல் வரிகளை வங்காளத்திலும் இந்தியிலும் சேருங்கள். அவற்றை அந்த மொழிக்காரர் ஒருவரை எழுத வைத்து, இன்னொருவரைப் படிக்க வையுங்கள்.

தண்ணீர் கேன் வியாபாரம். 'தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை' என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்களே, அதை வைத்து ஒரு விளம்பரப் பலகை எழுத முடியுமா?

முடியும். ஊரே மனப்பாடமாக வைத்திருக்கும் பேச்சு இது. தெரிந்த தொடரைக் கண் பாதியிலேயே பிடித்துக்கொள்ளும், ஆகவே படிக்கும் நேரம் மிச்சம். ஆனால் எந்தத் துண்டை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ல் மீண்டும் லிங்கம் வைத்ததிலிருந்து வழிபாடு நடக்கிறது, ஆக 'சாமி இல்லாத கோயில்' இன்று தவறு. தண்ணீர் இல்லாத ஆறு என்பதில் பாலாற்றை நம்பிய விவசாயியின் வலி இருக்கிறது, 2021 நவம்பரில் அதே ஆறு வெள்ளமாக ஓடியதும் ஊருக்கு நினைவிருக்கிறது. தண்ணீர் விற்பவர் அதைத் தொடவே கூடாது. இந்தப் பேச்சின் வால் பகுதியில் பெண்களைப் பற்றி ஒரு வரி வரும், அதை எந்தப் பலகையிலும் எழுத வேண்டாம். மிஞ்சுவது கோட்டையும், மரம் இல்லாத மலையும். மூன்று அடுக்கில் முதல் இரண்டு ஒரே தடத்தில் போய், மூன்றாவது தடம் மாற வேண்டும்:

'அரசன் இல்லாத கோட்டை. மரம் இல்லாத மலை. தண்ணீர் உள்ள கேன்.'

'இல்லாத' இருமுறை வந்தபின் 'உள்ள' விழுகிறது. சிரிப்பே அந்த ஒரு சொல்லில்தான், அங்கேதான் நீங்கள் விற்கும் பொருளும் இருக்கிறது. கேனை எடுத்துவிட்டால் ஜோக் நிற்காது. விளம்பர நகைச்சுவை அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி அளவு. மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் பைக் நொடிக்கு 11 மீட்டர் போகிறது. 60 மீட்டருக்கு முன்னால் படிக்கத் தொடங்கினாலும் ஐந்தரை நொடிதான் கிடைக்கும். ஆறு சொல் படிக்கலாம், ஒன்பது முடியாது. ஓடும் சாலையில் மலையை எடுத்துவிட்டு, 'அரசன் இல்லாத கோட்டை. தண்ணீர் உள்ள கேன்.' என்று இரண்டு வரி மட்டும் எழுதுங்கள். ஊர்க்காரர் மீதியைத் தானே நிரப்பிக்கொள்வார். வண்டிகள் நிற்கும் சிக்னலில் முழு வரியும் வைக்கலாம். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பலகைத் தொழிலின் கணக்கு, 60 மீட்டருக்கு 20 அங்குலம். அந்த அளவில் 20க்கு 10 அடிப் பலகையில் ஒரு வரிக்குப் பத்து எழுத்துதான் அடங்கும், 'அரசன் இல்லாத கோட்டை' இடிக்கும். 40க்கு 20 வேண்டும். கி-யின் மேல் விலங்கும் கு-வின் கீழ்ச் சுழியும் மோதாதபடி வரிகளுக்கிடையே பாதி எழுத்து உயரமாவது விடச் சொல்லுங்கள்.

பலகையை ஊர்க்காரர்கள் நடமாடும் சத்துவாச்சாரியில் வையுங்கள். காட்பாடி ஸ்டேஷன் வாசலில் இறங்கும் வெளியூர்க்காரர் பலருக்கு இந்தப் பேச்சு தெரியாது.

ராணிப்பேட்டையில் ஏற்றுமதியில் கழித்த தோல் ஷூ, செருப்பு விற்கிறோம். குறையை மறைக்காமல் எழுதினால் வியாபாரம் கெடுமா? எங்கள் பழைய ஃபிளெக்ஸைப் பார்த்து எல்லோரும் வேறு சிரிக்கிறார்கள்: 'குழந்தைகள் தோல் செருப்பு 30 சதவீதம் தள்ளுபடி.'

குறையைச் சொல்லுங்கள், ஆனால் குறிப்பாகச் சொல்லுங்கள். 1960-ல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் தன் காரின் படத்தைப் போட்டு, பழுதான வண்டியைக் குறிக்கும் 'லெமன்' என்ற ஒரே சொல்லைத் தலைப்பாக வைத்தது. உள்ளே படித்தால், டேஷ்போர்டு அறையின் குரோம் பட்டையில் சின்னப் பழுது, அதனால் அந்தக் காரைக் கழித்துவிட்டோம் என்று இருக்கும். இவ்வளவு சின்னக் குறைக்கே கழிப்பவர்கள் என்ற நம்பிக்கை படிப்பவருக்குத் தானாக வந்தது. உங்களுக்கும் அதே வழி திறந்திருக்கிறது:

'ஒரு தையல் கோணல். அதனால் ஜெர்மனி போகவில்லை.'

உண்மையிலேயே ஜெர்மனிக்குத் தைத்த சரக்காக இருந்தால் மட்டும் அந்த நாட்டின் பெயர். 'சிறு குறைபாடுகள் இருக்கலாம்' என்று பொதுவாக எழுதினால் வாங்குபவர் பெரிய குறையைக் கற்பனை செய்துகொள்வார். தையல், நிறம், அளவு முத்திரை என்று குறை வாரியாகக் கூடைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை மாட்டுங்கள். அடி பிரிந்ததையும் தையல் கோணியதையும் ஒரே கூடையில் போட்டால் அட்டையை யாரும் நம்ப மாட்டார்கள். யாருக்காகத் தைத்ததோ அந்த பிராண்டின் பெயரையோ சின்னத்தையோ விளம்பரத்தில் போடாதீர்கள், அது அவர்களுடையது.

ஃபிளெக்ஸ் வரியில் 'குழந்தைகள் தோல்' என்று கண் முதலில் சேர்த்துப் படிக்கிறது, அதுதான் சங்கடம். 'தோல் செருப்பு, குழந்தைகளுக்கு' என்று மாற்றுங்கள். வரி உடையும் இடத்தையும் நீங்களே குறித்துக் கொடுங்கள், டிசைனர் இடத்துக்குத் தகுந்தபடி உடைப்பார், பொருளுக்குத் தகுந்தபடி அல்ல. யூனிகோடில் தட்டிய தமிழைப் பழைய எழுத்துருவில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பைப் படமாக வாங்கி, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்த பிறகே சரி சொல்லுங்கள்.

ஆற்காட்டில் மக்கன் பேடா கடை. 'சர்க்கரை நோயாளிகளும் தைரியமாகச் சாப்பிடலாம்' என்று வேடிக்கையாக எழுதச் சொல்கிறார் தம்பி. எழுதலாமா?

கூடாது. ஜீராவில், அதாவது சர்க்கரைப் பாகில் ஊறும் இனிப்பு அது. யாராவது ஒருவர் அதை நம்பிச் சாப்பிட்டால் கேடு அவர் உடம்புக்கு. உணவைப் பற்றித் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வேடிக்கைக்கு எழுதினோம் என்பது பதிலாகாது.

சிரிப்பை நோயில் தேடாமல் ஆசையில் தேடச் சொல்லுங்கள்:

'ஒன்று போதும் என்பவர்களுக்காக, அரைக் கிலோ பெட்டி.'

அடியில் விலை, எடை, எத்தனை நாள் தாங்கும், ஜீரா ஒழுகாத டப்பாவா என்பதை எழுதுங்கள். ரயிலேறப் போகிறவர் முதலில் கேட்பது டப்பாவைப் பற்றித்தான்.