வேலை முடிந்த பின் ஒரு மணி நேரம்: வாசகர் கேள்வி – பதில்

முடிந்துபோன ஒரு வேலையைக் குழுவாக அமர்ந்து திரும்பிப் பார்ப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறேன்.

*கேள்வி: நாங்கள் பம்புசெட் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம். புதிய பில்லிங் மென்பொருளுக்கு மாறும் வேலை இரண்டு மாதத்தில் முடியும் என்று தொடங்கி ஐந்து மாதம் இழுத்துவிட்டது. பழைய கணக்கில் ஒரே மோனோபிளாக் பம்பு மூன்று பெயர்களில் இருந்தது பாதி வழியில்தான் தெரியவந்தது. எட்டுப் பேர் கொண்ட குழுவை ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசும்படி முதலாளி சொல்கிறார். எப்படி நடத்துவது? (வாசகர், கோவை)*

ஒரு மணி நேரம் போதும். ஆனால் அதற்கான வேலையில் ஒரு பகுதி முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் எது நடந்தது என்பதை மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் குழு, மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பில்கள் ஆகியவற்றிலிருந்து எடுத்து, ஒரே தாளில் வரிசையாக எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள். அந்தத் தாள் இல்லையென்றால், "நான் அப்போதே சொன்னேன்", "என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்ற வாக்குவாதத்திலேயே பாதி நேரம் போய்விடும்.

கூட்டத்தின் வடிவத்தை நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் ஃபோர்ட் இர்வினில் உள்ள அமெரிக்கத் தரைப்படையின் பயிற்சி மையத்தில், 1980களிலிருந்து, ஒவ்வொரு ஒத்திகைப் போரும் முடிந்ததும் அதிகாரிகளும் அவர்களுக்குக் கீழே இருப்பவர்களும் ஒன்றாக அமர்ந்து நான்கு கேள்விகளைப் பேசும் வழக்கம் வேரூன்றியது. என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம், உண்மையில் என்ன நடந்தது, இரண்டுக்கும் இடையே ஏன் வேறுபாடு, அடுத்த முறை எதை மாற்றப் போகிறோம் என்பவையே அந்த நான்கும். யாருடைய குண்டு யார் மீது பட்டது என்பதை லேசர் கருவிகள் பதிவு செய்துவிட்டதால், நடந்தது என்ன என்பதில் அங்கே சண்டைக்கு இடமில்லாமல் போயிற்று. உங்கள் தேதித்தாள் செய்யப்போவதும் அதே வேலையைத்தான். மென்பொருள் நிறுவனங்களில் இன்று 'ரெட்ரோ' என்ற பெயரில் நடக்கும் கூட்டமும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறது.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துக் கால் மணி, மூன்றாவதற்குக் கால் மணி, கடைசிக் கேள்விக்கு அரை மணி என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். நம் அலுவலகங்களில் இது பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. கடைசிக் கேள்விக்கு வரும்போது மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

மூன்றாவது கேள்வியில்தான் கவனம் தேவை. "ஸ்டோர் பொறுப்பாளர் பட்டியலைத் தாமதமாகத் தந்தார்" என்று ஒருவர் சொன்னால், அங்கேயே நின்றுவிடாமல், அது ஏன் தாமதமானது என்று இன்னும் இரண்டு படி கீழே இறங்கிக் கேளுங்கள். ஒரே பம்பு '1 எச்.பி. மோனோபிளாக்' என்றும், 'மோனோ 1எச்பி' என்றும், 'எம்பி-1' என்றும் மூன்று விதமாகப் பதிவாகியிருக்கிறது என்றால், விற்பனைப் பிரிவும் ஸ்டோரும் கணக்குப் பிரிவும் அவரவர் வசதிக்குப் பெயர் வைத்திருக்கலாம். அவற்றில் எது இறுதியான பெயர் என்று முடிவெடுக்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படாமலே இருந்திருக்கலாம். அப்படியானால் ஸ்டோர் பொறுப்பாளரை மாற்றினாலும் அடுத்த முறை அதே தாமதம்தான் வரும். இங்கிருந்து கிடைக்கும் முடிவு, "இனி கவனமாக இருப்போம்" என்பதாக இருக்கக் கூடாது. புதிய பொருளுக்குக் குறியீடு தரும் உரிமை இன்னாருக்கு மட்டுமே, அது இந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்று ஆளும் நாளும் குறித்து எழுதுங்கள். அப்படி இரண்டு முடிவுகள் கிடைத்தாலே கூட்டம் வெற்றி. பத்து முடிவுகள் எடுத்தால் ஒன்றும் நடக்காது.

*கேள்வி: ஆண்டு விழா முடிந்ததும் எங்கள் பள்ளியில் கூட்டம் நடக்கும். "யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று தலைமையாசிரியை கேட்பார். எல்லோரும் "நல்லபடியாக நடந்தது மேடம்" என்று எழுந்துவிடுவோம். உண்மையான பேச்சு வாசலில் டீ குடிக்கும்போதுதான் தொடங்கும். இதை மாற்ற முடியுமா? (ஆசிரியை, மதுரை)*

முடியும், ஆனால் உங்கள் தலைமையாசிரியை ஒத்துழைக்க வேண்டும். கூட்டத்தை நடத்தும் பொறுப்பை அவர் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, தொடக்கத்தில் தம்முடைய முடிவுகளில் சரியாக அமையாத ஒன்றை மட்டும் சொல்லலாம். சிறப்பு விருந்தினரை அழைப்பதைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டது போன்ற ஒன்று. அதன் பிறகு இறுதி வரை அவர் கேட்டுக்கொண்டிருப்பதே நல்லது. பெரியவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் அதற்கு ஒத்துப்பாடுவதை மரியாதையாக நினைப்பது நம் வழக்கம்.

அடுத்து, பேசுவதற்கு முன் ஐந்து நிமிடம் எல்லோரும் துண்டுச் சீட்டில் எழுதட்டும். நடத்துபவர் சீட்டுகளைக் கலைத்து, தாமே வாசித்து, தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். விடைத்தாள் திருத்துகிறவர்களுக்குச் சக ஆசிரியரின் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. கேள்வியும் பொதுவாக இருக்கக் கூடாது. "மாலை 6 மணிக்குத் தொடங்க வேண்டிய விழா எப்போது தொடங்கியது, அதுவரை சின்னக் குழந்தைகள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், அதற்கு "நல்லபடியாக நடந்தது" என்று யாராலும் பதில் சொல்ல முடியாது.

*கேள்வி: வேலை வெற்றிகரமாக முடிந்தாலும் இப்படி ஒரு கூட்டம் அவசியமா? (வாசகர், ஓசூர்)*

வெற்றிக்குப் பிறகு இன்னும் அவசியம் என்பேன். கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரைப் பலிகொண்ட கொலம்பியா விண்கலம் 2003 பிப்ரவரி 1 அன்று சிதறியதற்கு, புறப்படும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டு இடது இறக்கையைத் தாக்கியதே நேரடிக் காரணம். முந்தைய பயணங்களிலும் நுரைக்காப்பு பெயர்ந்து விழுந்திருக்கிறது. 2002 அக்டோபரில் தொட்டியின் அதே பகுதியிலிருந்து ஒரு துண்டு விழுந்தது. அப்போதெல்லாம் விண்கலம் பத்திரமாகத் திரும்பிவிட்டதால், அது ஆபத்து என்ற நிலையிலிருந்து பராமரிப்பு வேலை என்ற நிலைக்கு மெல்ல இறங்கிவிட்டது. ஆகவே வெற்றிபெற்ற குழுவிடம், "எந்த இடத்தில் நாம் அதிர்ஷ்டத்தால் தப்பித்தோம்?" என்ற ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

*கேள்வி: எங்கள் கூட்டக் குறிப்புகளெல்லாம் கோப்பிலேயே தூங்குகின்றன. என்ன செய்வது? (வாசகர், திருச்சி)*

அடுத்த வேலையின் முதல் கூட்டத்தில் அந்தக் குறிப்பை வாசித்த பிறகே திட்டம் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடம் என்பது அடுத்த திட்டத்தின் அளவுகளில் தெரிய வேண்டும். 2019இல் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் நிலவில் இறங்கும்போது நொறுங்கிய பிறகு, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேலைத் திட்ட இயக்குநராகக் கொண்ட சந்திரயான்-3 குழு என்ன செய்தது என்று பாருங்கள். 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்றிருந்த தரையிறங்கும் பரப்பு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. கால்கள் வலுவாக்கப்பட்டன, கூடுதல் எரிபொருள் சேர்ந்தது, நடுவிலிருந்த ஐந்தாவது எஞ்சின் நீக்கப்பட்டது.

*கேள்வி: கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்ற குறிப்பை ஆண்டு மதிப்பீட்டுக்காக மனிதவளத் துறை கேட்கிறது. கொடுக்கலாமா? (டீம் லீட், சென்னை)*

கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே தெரிவிப்பதற்கான அமைப்பு 1976இல் தொடங்கப்பட்டபோது, அதை நடத்தும் பொறுப்பு, தண்டிக்கும் அதிகாரம் கொண்ட விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் விடப்படாமல் நாசாவிடம் தரப்பட்டது. அறிக்கைகளிலிருந்து எழுதியவரின் அடையாளத்தை நீக்கிய பிறகே அவை தரவுத்தளத்தில் சேர்கின்றன. உங்கள் குழுவில் ஒருவருடைய இன்க்ரிமென்ட் இந்தக் குறிப்பால் ஒருமுறை குறைந்தது என்று தெரிந்தால், அடுத்த ரெட்ரோவில் வானிலையைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். எடுத்த முடிவுகள், அவற்றுக்குப் பொறுப்பானவர்கள், தேதிகள் ஆகியவை கொண்ட பட்டியலை மனிதவளத் துறைக்கு அனுப்பலாம். யார் சொன்னார் என்பது அதில் இருக்க வேண்டாம்.