டூர் டி பிரான்ஸ் பார்க்க அந்தப் பெட்டியை வாங்காதீர்கள்

கேள்வி: மகனுக்கு 15 வயது. பள்ளிக்கூடத்துச் சைக்கிள் ஓட்டத்தில் இந்த வருடம் இரண்டாவதாக வந்தான். அன்றிலிருந்து டூர் டி பிரான்ஸ் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எங்கள் ரீவியில் அது எந்தச் சனலில் வரும் என்று தெரியவில்லை. யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையில் 32,000 ரூபாய்க்கு ரீவியோடு இணைக்கும் ஒரு பெட்டி தருகிறோம், உலகத்திலுள்ள எல்லா விளையாட்டும் வாழ்நாள் முழுக்க வரும் என்கிறார்கள். பாரிஸில் இருக்கும் என் தம்பி, தன்னுடைய கணக்கைத் தருகிறேன், அதில் பார்க்கலாம் என்கிறான். எது நல்லது? (சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: இரண்டும் வேண்டாம். பெட்டிக்குக் கொடுக்கும் காசு வீண். தம்பியின் கணக்கு இங்கே வேலை செய்யாது. மகனுக்குத் தேவையானது உங்கள் கையில் ஏற்கனவே இருக்கும் போனும், மாலை நேரத்தில் இரண்டு மணித்தியாலமும்தான். நான் சைக்கிள் ஓட்டப் பயிற்சி கொடுப்பவன். ஒவ்வொரு ஜூலையிலும் என்னிடம் வரும் பெடியளுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெட்டி. கடையில் போட்டுக் காட்டும்போது படம் கண்ணாடி மாதிரி இருக்கும். கடைக்காரர் வேகமான ஃபைபர் இணைப்பில் காட்டுகிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து பின்னேரம் ஆறு மணிக்கு, ஊர் முழுக்க இன்டர்நெட் பாவிக்கும் நேரத்தில் போட்டால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். 'வாழ்நாள்' என்பது உங்கள் வாழ்நாளும் அல்ல, பெட்டியின் வாழ்நாளும் அல்ல. எங்கேயோ ஒருவர் திருட்டுத்தனமாக ஓடவிடும் சேர்வரின் வாழ்நாள் அது. அதை யாரும் நிறுத்தினால் பெட்டி வெறும் பிளாஸ்டிக். கடைக்காரருக்குப் போன் எடுத்தால் 'மேலே சொல்லியிருக்கிறோம், நாளைக்குச் சரியாகும்' என்பார். அந்த 'மேலே' யார் என்று அவருக்கே தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு தகப்பன் இப்படி வாங்கிய பெட்டி இரண்டாவது மாதத்தில் நின்றது. திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர், 'புது வேர்ஷன் வந்திருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன்' என்றாராம்.

காசு போனாலும் பரவாயில்லை என்று நினைக்கலாம். ஆனால் பெயர் தெரியாத இந்த மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகளில் சில, தொழிற்சாலையிலேயே தீம்பொருள் ஏற்றப்பட்டு வருகின்றன. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. 'பாட்பாக்ஸ்' என்று பெயர் வைக்கப்பட்ட அந்தத் தீம்பொருள் புகுந்த பெட்டி, நீங்கள் படுத்துத் தூங்கும்போது உங்கள் இணைப்பை வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விடும். அதே வைஃபையில்தான் உங்கள் போனும் இருக்கிறது. அதில் வங்கிச் செயலியும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பும் காசு அந்த வழியாகத்தானே வருகிறது?

இன்னொரு ஏமாற்றையும் சொல்ல வேண்டும். படம் நின்றால் சில கடைக்காரர்கள் 'அது பிரான்ஸில் மழை, எங்கள் பெட்டியில் பிழை இல்லை' என்பார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆட்கள் நம்புகிறார்கள். பந்தயத்தின் படம் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து எடுப்பவரின் கமராவிலிருந்து மேலே ஹெலிகொப்டருக்கு, அங்கிருந்து இன்னும் உயரத்தில் வட்டமடிக்கும் விமானத்துக்கு, அங்கிருந்து முடிவிடத்துக்கு என்று கைமாறித்தான் வருகிறது. மேகமும் மழையும் இருந்தால் மலை ஓட்டத்தில் படம் அறுந்து போவது உண்டு. வித்தியாசம் கண்டுபிடிப்பது சுகம். படம் சதுரம் சதுரமாக உடைந்தாலும் வர்ணனையாளரின் குரல் தொடர்ந்து வந்தால், அது பிரான்ஸ் மழை. குரலும் படமும் சேர்ந்து நின்று வட்டம் சுற்றினால், அது உங்கள் இணைப்பு, அல்லது அந்தச் சேர்வர்.

சரி, தம்பியின் கணக்கு. பிரான்ஸில் இந்தப் பந்தயம் அரசுத் தொலைக்காட்சியில் இலவசமாகவே போகிறது. அதனால் தம்பி பொய் சொல்லவில்லை. ஆனால் தடுப்பு கணக்குக்கு அல்ல, இடத்துக்கு. பார்ப்பவர் எந்த நாட்டிலிருந்து இணைகிறார் என்பதை அந்தத் தளம் பார்க்கும். சுன்னாகத்திலிருந்து இணைந்தால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் கதவு திறக்காது. இடத்தை மறைக்கும் விபிஎன் போடச் சொல்லி யாராவது வருவார்கள். இலவச விபிஎன் என்றால் உங்கள் போனில் நடப்பதை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போகவேண்டாம்.

இந்த ஒளிபரப்பு உரிமை முறையை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். நம்மைப் போன்ற சின்னச் சந்தைக்கான உரிமை ஒரு பெரிய பொதியோடு சேர்ந்து யாரிடமோ போகிறது. வாங்கியவர் கிரிக்கெட்டின் மறு ஒளிபரப்பைப் போட்டு நேரத்தை நிரப்புகிறார். காட்டப்போகிறாரா இல்லையா என்பதைக்கூடச் சொல்வதில்லை. நான் ஒரு வருடம் ஒரு நிறுவனத்தின் சேவை எண்ணுக்கு எடுத்து நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் வந்த பிள்ளை 'ஸ்போர்ட்ஸ் பக்கேஜ் போடுங்கோ அண்ணா, எல்லாம் வரும்' என்றது. போட்டேன். ஒரு நாள்கூட வரவில்லை. அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே உங்கள் வீட்டு இணைப்புக்காரரிடம் கேட்பதானால் 'எல்லாம் வருமா' என்று கேட்காதீர்கள். 'ஜூலை 4ஆம் திகதி டூர் டி பிரான்ஸ் நேரலை எந்தச் சனல் எண்ணில், எத்தனை மணிக்கு' என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் பக்கேஜ் போடாதீர்கள். இந்த முறை உலகக் கோப்பைக் கால்பந்தும் ஜூலை 19 வரை இருப்பதால் பக்கேஜ் விற்பவர்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்லி ஆசை காட்டுவார்கள். கால்பந்து வருகிறது என்பதால் சைக்கிளும் வரும் என்று அர்த்தமில்லை.

இனி மகன் எப்படிப் பின்தொடர்வது என்று பார்ப்போம். 2026 பந்தயம் ஜூலை 4 பார்சிலோனாவில் தொடங்கி 26ஆம் திகதி பாரிஸில் முடிகிறது. 21 கட்டங்கள், ஒரு நாளைக்கு ஒன்று. 13, 20 இரண்டு நாளும் ஓய்வு. நேர வித்தியாசம் மூன்றரை மணித்தியாலம், நாம்தான் முன்னால். அதனால் வழக்கமான நாளில் முடிவு நம் நேரம் இரவு எட்டரை, ஒன்பது மணியளவில் வரும். டியூஷன் முடிந்து, குளித்து, சாப்பாட்டுக்கு முன்னர் உட்கார்ந்தால் சரி. ஐந்து மணித்தியாலம் முழுக்கப் பார்க்கத் தேவையில்லை. நானே பார்ப்பதில்லை.

பந்தயத்தின் அதிகாரபூர்வத் தளத்திலும் செயலியிலும் யார் எங்கே ஓடிக்கொண்டிருக்கிறார் என்று காட்டும் நேரலைக் கணிப்பு இலவசமாக ஓடும். ஓட்டக்காரரின் சைக்கிளில் பொருத்திய சின்னக் கருவி, அவர் இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது. எழுத்தும் வரைபடமும் மட்டும் என்பதால் டேட்டா மிகக் குறைவு. வீடியோ என்றால் நடுத்தரத் தெளிவிலேயே மணிக்கு அரை ஜிபிக்கு மேல் போகும். பயிற்சிக்கு வரும் பெடியளுக்கு நான் அந்தக் கணிப்பில் மூன்றே விஷயம் பார்க்கச் சொல்வேன். முடிவுக்கு இன்னும் எத்தனை கிலோமீற்றர், முன்னால் தப்பிப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கும் பின்னால் வரும் பெருங்கூட்டத்துக்கும் எத்தனை நிமிட இடைவெளி.

இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ரொபேர் ஷபாத் என்ற பிரெஞ்சு வர்ணனையாளர் சொன்னது. பெருங்கூட்டம் மனம் வைத்துத் துரத்தினால் 10 கிலோமீற்றருக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். 30 கிலோமீற்றர் இருக்கும்போது இடைவெளி இரண்டரை நிமிடம் என்றால் முன்னால் போனவர்கள் பிடிபடுவார்கள். நான்கு நிமிடம் என்றால் தப்பிவிடுவார்கள். மகன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போனைப் பார்க்கத் தொடங்கினால், படம் இல்லாமலேயே நெஞ்சு அடிக்கும்.

ஏன் கூட்டத்துக்கு அந்த வலு? பண்ணைப் பாலத்தால் வேலணைக்குச் சோழகத்தில் சைக்கிள் உழக்கியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தனியாகப் போனால் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். இன்னொருவரின் பின்சில்லை ஒட்டிப் போனால் திடீரென்று கால் லேசாகும். கூட்டத்தில் ஆள் மாறி ஆள் முன்னால் வந்து காற்றை வாங்குகிறார்கள், தனியாகப் போனவருக்கு மாற்ற ஆளில்லை. காற்று பக்கவாட்டில் அடித்தால் வரிசை சாய்ந்து போகும். வீதியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவருக்கு ஒதுங்க நிழல் கிடைக்காது. அங்கேதான் கூட்டம் உடையும். கணிப்பில் ஒரு கூட்டம் திடீரென்று மூன்றாகப் பிரிந்து தெரிந்தால் அது பெரும்பாலும் காற்று என்று மகனுக்குச் சொல்லுங்கள். நம்பாவிட்டால் ஒரு பின்னேரம் பண்ணைக்கு அனுப்புங்கள்.

ஒரு நாள் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் சரிவராது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் போன வருடம் என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒரு பெடியன் இதில் மோசமாக ஏமாந்தான். இந்த வருடம் அது ஜூலை 21ஆம் திகதி, 16ஆம் கட்டம், எவியனிலிருந்து தோனொனுக்கு 26 கிலோமீற்றர், தனிநேர ஓட்டம். அன்று கூட்டம் இல்லை. ஒவ்வொருவராக, ஒருவர் போய்ச் சிறிது இடைவெளி விட்டு அடுத்தவர் புறப்படுவார். மொத்த நேரத்தில் கடைசியில் இருப்பவர் முதலில், முதலிடத்தில் இருக்கும் மஞ்சள் சட்டைக்காரர் கடைசியில். பட்டியலின் மேலே தெரியும் பெயர், அந்த நிமிடம் வரை நல்ல நேரம் எடுத்தவருடையது, அவ்வளவுதான். போன வருடத் தனிநேர ஓட்டத்தன்று என் பெடியன் பின்னேரம் ஆறரைக்கு எனக்கு வாட்ஸ்அப் அனுப்பினான்: 'சேர், யாருமே கேள்விப்படாத ஆள் வென்றுவிட்டார்.' போனை வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டான். பெரிய ஓட்டக்காரர்கள் அப்போது இன்னும் புறப்படவே இல்லை. ஆகவே அன்று கடைசி இருபது பேர் வரும்வரை யாரும் வெல்லவில்லை என்று எழுதி ரீவிக்கு மேலே ஒட்டிவையுங்கள். பாதி வழியில் வைத்திருக்கும் இடைநேரத்தைப் பார்க்கும்போதும், அதே இடத்தில் எடுத்த நேரத்தோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும். முதல் நாள் பார்சிலோனாவிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். எட்டுப் பேர் கொண்ட அணியாகச் சேர்ந்து புறப்படுவார்கள், ஆனால் இந்த முறை அவரவர் கோட்டைத் தாண்டிய நேரம்தான் அவரவர் கணக்கில் ஏறும். முன்பு வழக்கமாக ஒன்றாக வந்தவர்களுக்கு ஒரே நேரம். அதை வைத்துப் பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டுக் குழம்பவேண்டாம்.

படம் பார்க்க ஆசையும் நியாயம்தான். ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் அதிகாரபூர்வ யூடியூப் சனலில் சுருக்கம் போடுவார்கள். உங்கள் இணைப்பில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அதில் இறக்கிவைத்து விடியப் பார்க்கலாம். ஆனால் 'டூர் டி பிரான்ஸ் லைவ்' என்று தேடவேண்டாம். அசையாத ஒரு படத்தைப் போட்டு, கீழே ஒரு இணைப்பைக் கொடுத்து, 'இலவசம், கார்ட் எண் மட்டும் போடுங்கள்' என்று கேட்கும் சனல்கள்தான் வரிசையாக வந்து விழும். இலவசத்துக்கு எதற்குக் கார்ட் எண்? வீட்டில் யாருடைய கார்டும் மகனின் போனில் இருக்கக்கூடாது.

ஜூலை 24, 25 இரண்டு நாளையும் மகனுக்கு விட்டுக்கொடுங்கள். இரண்டு நாளும் அல்ப் துவேஸ் மலை உச்சியில் முடிகிறது. அந்த மலையில் 21 வளைவுகள். ஸ்லோவேனிய ஓட்டக்காரர் தடெய் பொகாச்சர் 2020, 2021, 2024, 2025 என்று நான்கு முறை இந்தப் பந்தயத்தை வென்றுவிட்டார். ஐந்தாவதையும் வென்றால், ஐந்து முறை வென்ற அங்கெத்தில், மெர்க்ஸ், இனோ, இந்துரைன் நால்வரோடும் சமமாவார். அது நடக்குமா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த மலையிலேயே தெரிந்துவிடும். அந்த இரண்டு இரவும் சாப்பாடு கொஞ்சம் பிந்தட்டும்.

தம்பியின் கணக்கு வேண்டாம் என்றேன், தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. 26ஆம் திகதி கடைசி ஓட்டம் பாரிஸில் மொன்மார்த் மேட்டால் ஏறி இறங்கும். லாச்சப்பலில் நம் ஆட்களின் கடைகள் இருக்கும் இடத்திலிருந்து நடந்தே போகலாம். கடந்த வருடம் அங்கே இருக்கும் என் மருமகன் மழையில் நனைந்துகொண்டு நின்று எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினான். ஒன்பது செக்கன்தான். முதலில் தகரம் தட்டும் சத்தம், பிறகு ஆட்களின் கூச்சல், பிறகு காற்றை வெட்டிக்கொண்டு சில்லுகள் போகும் சத்தம், பிறகு அவன் மூச்சு வாங்குவது. எந்தச் சனலிலும் நான் அப்படிக் கேட்டதில்லை. உங்கள் தம்பியைக் காலையிலேயே போய் மேட்டில் இடம் பிடிக்கச் சொல்லுங்கள், பிந்திப் போனால் முன்வரிசை கிடைக்காது. போன் சார்ஜ் நிறைய இருக்கட்டும். அன்று ஓட்டம் மாலையில் நடப்பதால் கடந்த வருடம் நமக்கு முடியும்போது இரவு 11 மணியளவில் ஆகிவிட்டது. மறுநாள் திங்கட்கிழமை, மகனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், அதற்கேற்றபடி அன்று மத்தியானம் கொஞ்சம் தூங்க விடுங்கள்.