இனிஷியல் முன்னாலா, பின்னாலா? – மாணவர்களுக்கான இணையக் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் என் பெயருக்குப் பின்னால் இனிஷியல் இருக்கிறது. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. ஏ.பி.சி. ஐடி (படிப்பில் வாங்கும் கிரெடிட் எனும் பாடப் புள்ளிகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) எடுத்துக் கொடுத்தால், கல்லூரிப் பதிவோடு பெயர் பொருந்தவில்லை என்கிறார்கள். எதை மாற்றுவது?
– மாணவி, அரியலூர்

பதில்: ஆதாரைத்தான் மாற்ற வேண்டும். பாஸ்போர்ட், வேலை, மேற்படிப்பு என எங்கே போனாலும் முதலில் கேட்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான். அதில் பெயரை மாற்றுவதென்றால் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். ஆதார் திருத்தம் அவ்வளவு பெரிய வேலை இல்லை.

டிஜிலாக்கர் வழியாக ஐடி எடுக்கும்போது பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதாரிலிருந்து வருகின்றன. கல்லூரி அலுவலகமோ சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள பெயரைப் பதிகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் வாங்கும் கிரெடிட் உங்கள் கணக்கில் வந்து சேராமல் நிற்கும். இது இறுதியாண்டில் தெரியவந்தால் அலைச்சல் அதிகம், இப்போதே தெரிந்ததே நல்லது.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். அதனால் சேவை மையத்தில் அவசரப்படாதீர்கள். ஆங்கிலத்தில் அடிக்கும் பெயரைக் கணினியே தமிழுக்கு மாற்றிக்கொள்ளும். 'கயல்விழி' என்ற பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் 'ழ' வர வேண்டிய இடத்தில் வேறொரு எழுத்து வந்து நிற்கலாம். ஊழியர் சமர்ப்பிப்பதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, இரண்டு மொழியிலும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஒப்புகைச் சீட்டிலும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்த சிக்கல் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும் இணையப் படிவங்கள். நம் ஊர்ப் பெயர் வழக்கத்தை நினைத்து அமைத்தவை அல்ல அவை. முதல் கட்டத்தில் உங்கள் பெயர், இரண்டாவதில் இனிஷியல், அவ்வளவுதான். ஓரெழுத்தை ஏற்காத தளமாக இருந்தால் இனிஷியலை விரித்து அப்பா அல்லது அம்மா பெயரைப் போடுங்கள், புள்ளியோ கோடோ போட்டு ஏமாற்ற வேண்டாம். சான்றிதழ் தரும் தளங்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல். தேர்வுப் படிவத்தில் நீங்கள் அடிக்கும் பெயர்தான் சான்றிதழில் அச்சாகும். பாடத்தில் சேர்ந்த மின்னஞ்சலும் தேர்வுக்குப் பதியும் மின்னஞ்சலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றுக்குக் கல்லூரி மெயில், இன்னொன்றுக்குச் சொந்த மெயில் என்று கொடுத்துவிட்டுப் பிறகு மதிப்பெண் சேரவில்லை என்று முட்டிக்கொள்பவர்கள் உண்டு.

கேள்வி: இறுதியாண்டு படிக்கிறேன். படிப்பு முடிந்ததும் கல்லூரி மெயிலை நிறுத்திவிடுவார்களாம். எங்கள் வகுப்பின் நோட்ஸ் முழுக்க அதன் டிரைவில்தான் இருக்கிறது. ஜூனியர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?
– மாணவர், நாகர்கோவில்

பதில்: கோப்புறையின் உரிமையாளராகச் சொந்தக் கணக்கை ஆக்கிவிடலாம் என்று முயல்வீர்கள், நடக்காது. கல்லூரிக் கணக்கிலிருந்து வெளிக் கணக்குக்கு உரிமை மாற்ற கூகுள் விடுவதில்லை, பிரதிதான் எடுக்க முடியும். கூகுள் டேக்அவுட் தளத்தில் கல்விக் கணக்குகளுக்கென்றே ஒரு 'டிரான்ஸ்ஃபர்' பக்கம் இருக்கிறது. கல்லூரிக் கணக்கில் நுழைந்து அதைத் திறந்து, சொந்த ஜிமெயில் முகவரியைக் கொடுத்து, அங்கே வரும் குறியீட்டை இங்கே போட்டால் மெயிலும் டிரைவும் நகலாகிப் போகும். சில மணி நேரமும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். கடைசி நாளில் உட்காராதீர்கள். சொந்தக் கணக்கில் இலவச இடம் 15 ஜி.பி.தான், முன்பே போய் காலி இடத்தைப் பாருங்கள். அந்தப் பக்கமே திறக்கவில்லை என்றால் கல்லூரி நிர்வாகி அதை அடைத்து வைத்திருக்கிறார் என்று பொருள், அவரிடம் கேளுங்கள். பேராசிரியர்கள் உங்களோடு பகிர்ந்த கோப்புகளை மட்டும் தனித்தனியே பிரதி எடுத்து வையுங்கள்.

ஜூனியர்களுக்கான கோப்புறை தனிக் கதை. அது எந்த ஒரு சீனியரின் கல்லூரிக் கணக்கிலும் இருக்கக் கூடாது. அந்தக் கணக்கை அழிக்கும் நாளில் கோப்புறையும் போய்விடும், இணைப்பு மட்டும் வாட்ஸ்அப்பில் மிச்சமிருக்கும். இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒருவரை அதே கல்லூரிக் கணக்குகளுக்குள்ளேயே உரிமையாளராக்கி, ஆண்டுதோறும் கைமாற்றுவதை வழக்கமாக்குங்கள்.

பலர் மறப்பது இன்னொன்று: கல்லூரி மெயிலைக் கொடுத்து 'கூகுள் வழியே நுழை' என்று திறந்த கணக்குகள். லிங்க்ட்இன், கிட்ஹப், பாடத் தளங்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றிலும் சொந்த மெயிலை இரண்டாவது முகவரியாகச் சேர்த்து, உறுதிசெய்து, அதன் பிறகு அதையே முதன்மையாக்குங்கள். வரிசை மாறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும்.

சொந்த ஜிமெயிலுக்கு ஈரடுக்குப் பாதுகாப்பு போட்டிருந்தால் மாற்றுக் குறியீடுகளையும் எடுத்து வையுங்கள். எட்டிலக்க எண்கள் பத்து தருவார்கள், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். தாளில் அச்சிட்டுச் சான்றிதழ்க் கோப்பிலேயே சொருகிவிடுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே போனைப் பயன்படுத்தினால் இது இன்னும் அவசியம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு இணைப்பு துண்டான எண்ணைச் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் உங்கள் ஓ.டி.பி. அவர் போனில் ஒலிக்கும்.

கேள்வி: துறை வாட்ஸ்அப் குழுவில் 200 பேருக்கு மேல் இருக்கிறோம். சேர்ந்த வாரத்திலிருந்தே யார் யாரோ தனியாகச் செய்தி அனுப்புகிறார்கள். குழுவை விட்டு விலகினால் அறிவிப்புகள் கிடைக்காது.
– மாணவி, ஈரோடு

பதில்: நீங்கள் விலக வேண்டியதில்லை. குழுவின் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். சாதாரணக் குழுவில் ஒவ்வொருவர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அட்மினிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். ஒன்று, குழுவை ஒரு கம்யூனிட்டியாக்கி அறிவிப்புகளை அதன் அறிவிப்புப் பகுதியில் மட்டும் போடுவது. அங்கே உறுப்பினர் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. இரண்டு, சுற்றிக்கொண்டிருக்கும் அழைப்பு இணைப்பை 'ரீசெட்' செய்து, புதிதாக வருபவர்களை அட்மின் ஒப்புதலோடு மட்டும் சேர்ப்பது. பழைய இணைப்பு யார் யார் ஸ்டேட்டஸில் கிடக்கிறதோ தெரியாது.

உங்கள் போனில்: செட்டிங்ஸ், பிரைவசி போய் முகப்புப் படம், லாஸ்ட் சீன், குரூப்ஸ் மூன்றையும் 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். படிப்புக் குழுவே டெலிகிராமில் இருந்தால் போன் எண்ணை 'நோபடி' என்று வைக்கலாம், பயனர் பெயர் மட்டுமே தெரியும். இந்தக் காரணத்துக்காகவே படிப்புக்கு டெலிகிராம் மேல் என்பது எங்கள் கருத்து.

தொல்லை எல்லை மீறினால் உரையாடலை அழிக்காதீர்கள். எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்யுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். 1930 என்ற எண் பண மோசடிக்கானது.

கேள்வி: எங்கள் படிப்புக் குழுவில் பார்வையற்ற நண்பர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். நாங்கள் அனுப்பும் பி.டி.எஃப். எதையும் அவர் போன் படிப்பதில்லை என்கிறார். எங்களுக்குத் திறக்கிறதே?
– பி.எட். மாணவர்கள், மதுரை

பதில்: உங்களுக்குத் திறப்பது படம், அவருக்கு வேண்டியது எழுத்து. நோட்டைப் போட்டோ பிடித்து பி.டி.எஃப். ஆக்கினால் திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் டாக்பேக் (போனில்), என்.வி.டி.ஏ. (கணினியில்) போன்ற திரைவாசிப்பான்களுக்கு அது வெற்றுப் பக்கம். அனுப்பும் முன் ஒரு சோதனை: கோப்பில் ஒரு சொல்லை நகலெடுத்து வாட்ஸ்அப் பெட்டியில் ஒட்டுங்கள். சொல் தேர்வாகவே இல்லையென்றால் அது படம். தமிழாக வந்தால் சரி. ஆங்கில எழுத்துகளாக வந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினியில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. உங்கள் நண்பரின் போன் அதைத்தான் வாசிக்கும். நகலகங்களில் தட்டச்சு செய்து வாங்கும் பழைய நோட்ஸ் பலவும் இந்த ரகம்.

பாமினிக் கோப்பை, எல்லாக் கருவிகளும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவியில் போட்டால் போதும். ஆனால் இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கி உளறிவைக்கும், அவற்றைக் கையால் திருத்துங்கள். படக் கோப்பென்றால் கணினியில் டிரைவில் ஏற்றி, வலது கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திறங்கள். தமிழையும் எழுத்தாக்கித் தரும். ஒரு கோப்பு 2 எம்.பி.க்குள் இருக்கட்டும், பக்கம் சாயாமல் நிழல் விழாமல் எடுத்திருக்க வேண்டும். அச்செழுத்தென்றால் நன்றாக வரும், கையெழுத்தென்றால் நம்ப வேண்டாம். 'ர'வும் துணைக்காலும் இடம் மாறும், அட்டவணை சிதறும், இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தில் வரிகள் கலந்துவிடும். ஆண்டு, எண், சூத்திரம் மூன்றையும் மூலத்தோடு ஒப்பிடாமல் அனுப்பாதீர்கள். தலைப்புகளுக்குத் தடித்த எழுத்து மட்டும் போடாமல் 'ஹெட்டிங்' பாணி கொடுங்கள். என்.வி.டி.ஏ.வில் ஹெச் விசையைத் தட்டி அவர் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். இல்லையென்றால் 40 பக்கத்தையும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

வரைபடம் அனுப்பும்போது இரண்டு வரி விளக்கம் சேருங்கள். 'கற்றல் வளைவு வரைபடம்' என்பது விளக்கமல்ல. 'கிடையச்சில் பயிற்சி நாட்கள், நிலையச்சில் மதிப்பெண். முதல் ஐந்து நாள் செங்குத்தாக ஏறி, பிறகு பத்தாம் நாள் வரை சமமாக நிற்கிறது' என்பது விளக்கம். பூங்கொத்து எமோஜி பதினைந்தை வரிசையாகப் போட்டு வாழ்த்து அனுப்பும் பழக்கத்தையும் குறையுங்கள், அவர் போன் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி வாசித்துக்கொண்டிருக்கும்.

கூகுள் மீட்டில் திரையைப் பகிர்ந்தால் அவரிடம் போய்ச் சேர்வது வீடியோ. அதைத் திரைவாசிப்பான் படிக்காது. ஆகவே கோப்பைப் பத்து நிமிடம் முன்னதாகக் குழுவில் போட்டுவிடுங்கள். பேசும்போது 'இதோ இங்கே' என்று சொல்லாமல் 'மூன்றாம் பக்கம், இரண்டாவது பத்தி' என்று சொல்லுங்கள். பேசத் தொடங்குபவர் தன் பெயரைச் சொல்லட்டும்.

எல்லாவற்றையும் குரல்பதிவாக மாற்றிவிடலாம் என்று சிலர் யோசிப்பார்கள். குழுவில் காது கேளாத ஒருவர் இருந்தால் அவர் வெளியே நிற்பார். குரலோடு சாரத்தை மூன்று வரியில் எழுதியும் போடுங்கள். அவருக்கு ஆண்ட்ராய்டில் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கிக் காட்டும், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர் பேசினால்தான்.

கேள்வி: பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். சான்றிதழைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடலாமா?
– மாணவர், திண்டுக்கல்

பதில்: மதிப்பெண்ணை எழுதிப் போடுங்கள், படம் வேண்டாம். அதில் பதிவெண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்தே இருக்கும். தமிழ்நாட்டுத் தேர்வு முடிவுப் பக்கத்தில் கேட்பது அந்த இரண்டைத்தான், உதவித்தொகை மோசடிக்காரர் 'உங்கள் பதிவெண் இதுதானே' என்று நம்பவைக்கப் பயன்படுத்துவதும் அவற்றைத்தான். போட்டே ஆக வேண்டுமென்றால் எண், தேதி, கியூ.ஆர். மூன்றையும் கறுப்புக் கட்டத்தால் மூடி, அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் போடுங்கள். ஒளி ஊடுருவும் ஹைலைட்டர் கருவியால் மேலே கிறுக்கினால் வெளிச்சத்தைக் கூட்டி உள்ளே இருப்பதைப் படித்துவிட முடியும்.