புட்டியின் பின்பக்கம்: ஷாம்பு, தலைச்சாயம், தோல் எரிச்சல் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: நான்கு மாதங்களாக என் கண் இமைகளிலும் காதுகளுக்குப் பின்னாலும் பிடரியிலும் தோல் சிவந்து, அரித்து, செதில் செதிலாக உரிகிறது. கண் மை, பவுடர், முகப்பூச்சு எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்துவிட்டேன்; குறையவில்லை. தோல் மருத்துவர் ஷாம்புவின் மீது சந்தேகப்படுகிறார். ஆறு ஆண்டுகளாக ஒரே ஷாம்புவைத்தான் பயன்படுத்துகிறேன். தலையில் துளி அரிப்பும் இல்லை. தலையில் தேய்ப்பது தலையை விட்டுவிட்டு இமையை எப்படித் தாக்கும்? புட்டியின் பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் எதைப் பார்ப்பது? (வாசகி, திருப்பூர்)

பதில்: மருத்துவரின் சந்தேகத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது. உச்சந்தலைத் தோல் தடிமனானது. ஒவ்வாமையை எளிதில் வெளிக்காட்டாது. இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. குளிக்கும்போது தலையிலிருந்து இறங்கும் நுரைநீர் நெற்றியோரம், இமை, காதின் பின்புறம், பிடரி என்று வழிந்துதான் கீழே போகிறது. நீங்கள் எழுதியிருக்கும் இடங்களை வரிசையாகக் கோத்துப் பார்த்தால் அந்தத் தண்ணீர் ஓடிய தடமே கிடைக்கிறது. தலையில் ஒன்றும் இல்லாததால் ஷாம்புவை விட்டுவிட்டுக் கண் மையையும் பவுடரையும் குற்றம் சாட்டுவது பலரும் செய்வதுதான்.

ஆறு ஆண்டுகள் ஒத்துக்கொண்ட பொருள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவதிலும் வியப்பில்லை. ஷாம்புவால் தோலுக்கு வரும் தொல்லை இரு வகைப்படும். ஒன்று வெறும் எரிச்சல்: நுரைக்கும் பொருள் தோலின் எண்ணெய்ப் பசையைக் கழுவிக்கொண்டு போவதால் வருவது, அளவும் நேரமும் கூடினால் யாருக்கும் வரலாம். மற்றொன்று ஒவ்வாமை. உடம்பின் எதிர்ப்பாற்றல் ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருளை எதிரியாகப் பதிவு செய்துகொண்டால் அதன்பின் மிகச் சிறிய அளவே போதும். அந்தப் பதிவு முதல் வாரத்திலும் நடக்கலாம், பத்தாவது ஆண்டிலும் நடக்கலாம். அரிப்பும் குளித்த உடனே வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்துத் தலைகாட்டுவதால், ஞாயிற்றுக்கிழமை தேய்த்த ஷாம்புவுக்கும் செவ்வாய்க்கிழமை அரிக்கும் இமைக்கும் உள்ள தொடர்பு கண்ணில் படாமலே போய்விடுகிறது.

இனி அந்த இருபது பெயர்கள். உங்கள் நிலையில் நான் முதலில் தேடுவது பதப்பொருளைத்தான். தண்ணீர் கலந்த எந்தப் பொருளும் கெடாமல் இருக்க ஒரு பதப்பொருள் வேண்டும். வழுவழுப்பான ஷாம்புவில் கிருமி வளர்வதைவிட அது எவ்வளவோ மேல். தொல்லை கொடுப்பதில் முன்னணியில் நிற்பவை மெத்தில்ஐசோதயசோலினோன், மெத்தில்குளோரோஐசோதயசோலினோன் என்னும் இரண்டு. ஆங்கில எம் எழுத்தில் தொடங்கி ‘தயசோலினோன்’ என்று முடியும் நீளமான பெயரைப் பட்டியலின் கடைசிப் பகுதியில் தேடுங்கள்.

இவற்றுள் முதலாவதன் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பாராபென் என்ற பழைய பதப்பொருளைப் பற்றி அச்சம் பரவிய காலத்தில் நிறுவனங்கள் அதைக் கைவிட்டு வேறொன்றைத் தேடின. மெத்தில்ஐசோதயசோலினோனைத் தனியாகப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் அனுமதி தந்தது. சில ஆண்டுகளிலேயே ஒவ்வாமை நோயாளிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2013-இல் அதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. தோலிலேயே தங்கிவிடும் க்ரீம் போன்றவற்றில் அதைச் சேர்க்க ஐரோப்பா 2017-இல் தடை விதித்தது. ஷாம்பு போலக் கழுவிவிடும் பொருள்களில் 0.0015 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற வரம்பு 2018-இல் வந்தது. அஞ்சி ஒதுக்கிய பாராபெனையோ அதே சங்கம் 2019-இல் ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்று சுட்டிக்காட்டியது. ‘பாராபென் இல்லை’ என்று புட்டியின் முகப்பில் பொன்னெழுத்தில் கண்டால் பின்பக்கம் திருப்பி அதற்குப் பதிலாக என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இதனால்தான் வந்தது.

அடுத்துப் பார்க்க வேண்டியவை, மெல்ல மெல்ல ஃபார்மால்டிஹைடை வெளிவிட்டுக் கிருமியைத் தடுக்கும் பதப்பொருள்கள்: டிஎம்டிஎம் ஹைடன்டாயின், இமிடசோலிடினைல் யூரியா, டயசோலிடினைல் யூரியா, குவாட்டர்னியம்-15. மூன்றாவதாக, மென்மைக்காகச் சேர்க்கும் கோகமிடோபுரோப்பைல் பீட்டைன். தேங்காய் எண்ணெயிலிருந்து செய்யப்படும் இந்த நுரைப்பொருள் குழந்தைகளுக்கான ஷாம்புகளிலும் உண்டு. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. தயாரிப்பின்போது முழுமையாக நீக்கப்படாமல் எஞ்சும் சில துணைப்பொருள்களே ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் என்பதால் ஒரே பெயருள்ள பொருள் ஒரு நிறுவனத்தின் புட்டியில் தொல்லை தந்து இன்னொன்றில் தராமலும் இருக்கலாம். நான்காவது வாசனை. நம் ஊர்ப் புட்டிகளில் பெரும்பாலும் ‘பர்ஃபம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல பொருள்கள் அடங்கிவிடுகின்றன.

சந்தேகப்பட்ட ஷாம்புவை முழங்கையில் தடவிப் பிளாஸ்திரி ஒட்டிச் சோதித்துப் பார்க்காதீர்கள். நீர்க்காத ஷாம்புவை மூடி வைத்தால் ஒவ்வாமை இல்லாதவர் தோலும் சிவக்கும். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. மருத்துவரிடம் ‘பேட்ச் டெஸ்ட்’ கேளுங்கள். சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சரியான அளவில் நீர்த்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, மேலும் ஓரிரு நாள் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அதுவரை ஷாம்புவை நிறுத்திப் பார்ப்பதானால் ஆறு வாரமாவது நிறுத்துங்கள். இதே பதப்பொருள்கள் கை கழுவும் திரவத்திலும் பாத்திரம் தேய்க்கும் திரவத்திலும் ஈரத் துடைப்பான்களிலும் இருப்பதுண்டு. அவற்றைக் கவனிக்காமல் ஷாம்புவை மட்டும் மாற்றிவிட்டுக் குணமாகவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் பலர்.

கேள்வி: எங்கள் வீட்டில் புட்டி வாங்குவதில்லை. பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட் ஷாம்புவைத்தான் வாங்குகிறோம். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலே இல்லை. இது சட்டமீறல் இல்லையா? (வாசகர், பண்ருட்டி)

பதில்: இல்லை, அதுதான் வருத்தம். அழகுப் பொருள்களின் உட்பொருள் பட்டியலை உறையில் அச்சிட வேண்டும் என்று சொல்லும் நம் விதியே, 60 மில்லிலிட்டருக்குக் குறைவான திரவப் பொட்டலங்களுக்கும் 30 கிராமுக்குக் குறைவான திடப்பொருள் பொட்டலங்களுக்கும் விலக்கு அளிக்கிறது. பாக்கெட்டில் இருப்பது சில மில்லிலிட்டர்தான். சில நிறுவனங்கள் தாமாகவே பொடி எழுத்தில் அச்சிடுகின்றன, அச்சிடாவிட்டால் குற்றமாகாது.

உங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால் சொல்கிறேன்: ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து ஏழை எளியவரும் வாங்கலாம் என்று வழிகாட்டிய சின்னி கிருஷ்ணன் கடலூர்க்காரர். புட்டி வாங்கக் கையில் காசில்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் விதியில் உள்ள விலக்கால், புட்டி வாங்குபவர் படித்துப் பார்க்கக்கூடியதைப் பாக்கெட் வாங்குபவர் படிக்க முடியாமல் போகிறது. இந்த விலக்கை நீக்க வேண்டும் என்பது என் கருத்து. இடம் போதாது என்ற வாதம் தனிப் பாக்கெட்டுக்குப் பொருந்தலாம். பாக்கெட்டுகளைச் சரமாகக் கடைக்கு அனுப்பும்போது முதல் பாக்கெட்டின் மேல் ஒரு துண்டு அட்டை வைக்க எவ்வளவு செலவாகும்?

அதுவரை செய்யக்கூடியது: அதே பெயரும் அதே வகையும் கொண்ட பெரிய புட்டியைப் பல்பொருள் அங்காடியில் எடுத்துப் பின்பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கலவை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதால் இது முழு உறுதி அன்று. கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதைவிட மேல். பல பாக்கெட்டுகளில் தொகுதி எண்ணையும் தேதியையும் கிழிக்கும் ஓரத்திலேயே அடித்திருப்பார்கள். பல்லால் கடித்துக் கிழித்த துணுக்கு குளியலறைத் தண்ணீரோடு போனபின் புகார் சொல்ல உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. எதிர் ஓரத்தில் கத்தரியுங்கள்.

கேள்வி: ‘சல்பேட் இல்லாத மூலிகை ஷாம்பு’ என்று நான்கு மடங்கு விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: சோடியம் லாரைல் சல்பேட் தோலை எரிக்கும் என்பது உண்மை, தோல் ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்க அதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்றைய ஷாம்புகளில் பரவலாக இருப்பது அதைவிட மென்மையான சோடியம் லாரெத் சல்பேட். பெயரில் ஓரெழுத்துதான் வேறுபாடு போலத் தோன்றும். தோலுக்கு அந்த வேறுபாடு தெரியும். சல்பேட் இல்லை என்று விற்பவற்றுள் சில, ‘ஓலிஃபின் சல்ஃபோனேட்’ என்ற வலுவான நுரைப்பொருளைக் கொண்டவை. பெயரில் சல்பேட் இல்லை, அவ்வளவுதான். குளுக்கோசைடு வகை நுரைப்பொருள்கள் மென்மையானவை என்றாலும் ஒவ்வாமைக்கு விலக்கானவை அல்ல. மேலும், வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பவருக்கு மிக மென்மையான ஷாம்பு எண்ணெயை எடுக்காது. இரண்டு மூன்று முறை போட்டுத் தேய்த்தால் மென்மையின் பயனும் போய்விடும்.

மூலிகை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பட்டியலே காட்டிக்கொடுக்கும். 1 சதவீதத்துக்கு மேற்பட்ட பொருள்களை அளவின் இறங்குவரிசையிலும், அதற்குப் பின் 1 சதவீதமும் அதற்குக் குறைவானவையுமான பொருள்களை எந்த வரிசையிலும் எழுதலாம் என்பது விதி. மேலே சொன்ன ‘தயசோலினோன்’ 1 சதவீதத்தின் பக்கத்திலேயே வராத பொருள். செம்பருத்தியும் கற்றாழையும் அதற்குப் பின்னால் நின்றால், முகப்புப் படத்தில் பாதி இடத்தைப் பிடித்திருக்கும் அந்தப் பூ புட்டிக்குள் 1 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று பொருள். அந்த விலையை நான் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: வேதிப்பொருளே வேண்டாம் என்று சீயக்காய்க்கு மாறிவிட்டால்? (அதே வாசகி)

பதில்: மாறலாம். சீயக்காயிலும் அரப்பிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை வருவது சப்போனின் என்ற பொருளால். அதுவும் எண்ணெயை எடுக்கும் ஒரு வேதிப்பொருள்தான். சீயக்காய்ப் பொடி கண்ணில் விழுந்து கத்திய அனுபவம் என் தலைமுறைக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. என் பாட்டி பிடித்த பிடியை விட மாட்டார். தண்ணீர் கலந்த பொருள் இல்லையாதலால் பொடிக்குப் பதப்பொருள் தேவையில்லை என்பது ஒவ்வாமைக்காரர்களுக்குப் பெரிய ஆறுதல். மில்லில் கொடுத்து நீங்களே அரைத்த பொடிக்கு இது பொருந்தும். கடையில் திரவமாக விற்கும் ‘சீயக்காய் ஷாம்பு’வுக்குப் பொருந்தாது. அதன் பின்பக்கத்தையும் படிக்க வேண்டும்.

கேள்வி: ‘கறுப்பு மருதாணி, முற்றிலும் இயற்கை’ என்று எழுதியிருந்த தலைச்சாயத்தைப் பூசிய மறுநாள் நெற்றியும் முகமும் வீங்கிவிட்டன. முன்பு இரண்டு முறை பூசியபோது எதுவும் நேரவில்லை. கடைக்காரர் புட்டியை வாங்கிப் பார்க்கவே மறுக்கிறார். (வாசகர், மதுரை)

பதில்: முதலில் மருத்துவரைப் பாருங்கள், வீக்கம் கண்ணை மூடுமளவுக்கு வந்தாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம்.

அசல் மருதாணி செம்மையைத் தரும், கறுப்பைத் தராது. அது சில நிமிடங்களில் கறுக்கிறதென்றால் வேறு சாயம் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது பாராஃபினைலின்டயமின். தலைச்சாய ஒவ்வாமையில் முதலிடம் இதற்கே. இரண்டு முறை ஒன்றும் நேராமல் மூன்றாம் முறை வீங்குவது இதன் வழக்கமான போக்கு. இப்பொருள் கலந்த சாயத்தின் மீது, தோல் எரிச்சல் வரலாம், முன்சோதனை செய்ய வேண்டும், புருவத்துக்கும் இமைமயிருக்கும் பூசினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது சட்ட விதி. காதின் பின்புறத்திலோ முன்கையின் உட்புறத்திலோ சிறிதளவு பூசி 24 மணி நேரம் பார்க்க வேண்டும் என்றும், ஒவ்வொரு முறை சாயமிடும் முன்பும் அதைச் செய்ய வேண்டும் என்றும் உள்ளே வைக்கும் தாளில் சொல்லியிருக்க வேண்டும். ஒருமுறை இப்படி வீங்கியவருக்குச் சோதனையும் வேண்டாம். அந்தச் சாயமே இனி வேண்டாம். இதற்கு உறவான டொலுயின்டயமின் கலந்த சாயமும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முடிதிருத்தகத்தில் சாயமிட உட்கார்ந்தால் பெட்டியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

உங்கள் பெட்டியில் அந்த எச்சரிக்கை இல்லையென்றால் புகார் வலுவானது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியுங்கள். உறையில் குறை இருப்பதை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதுங்கள்; அழகுப் பொருள்களும் அவர்கள் பொறுப்பில்தான் வருகின்றன. பலருக்குத் தெரியாத ஒன்று: 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, தான் வாங்கிய அழகுப் பொருளை உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கே உண்டு. அந்த அறிக்கையோடும் மருத்துவச் சீட்டோடும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பில், பெட்டி, மிச்சமுள்ள சாயம் மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள்; வீக்கத்தைத் தேதி தெரியும்படி இன்றே படமெடுங்கள், அடுத்த வாரம் அது வடிந்திருக்கும்.